சுண்டல் கணக்கு

"பணம் வேணும்னாத்தான் இந்தப் பக்கம் வழி தெரியுமாம்மா உனக்கு?"

சேலம் லீ பஜாரில் ஒரு மண்டி. மூட்டைகளுக்கு நடுவே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ரசீது புத்தகத்தை வெளியே எடுக்கிறேன். அந்த மண்டிக்காரர் இப்படிக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். தராசில் எடை சரியில்லை என்று ஆளிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். மூன்று வருடம் தொடர்ந்து பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொடுத்தவர். மூன்று முறையும் ஜூன் முதல் வாரத்தில் போயிருக்கிறேன், காபி குடித்திருக்கிறேன், செக்கை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நடுவில் இருந்த முப்பத்தாறு மாதத்தில் ஒரு போன்கூடப் போட்டதில்லை. அவர் மகள் கல்யாணப் பத்திரிகை எங்கள் முகவரிக்கு வந்தது. நாங்கள் யாரும் போகவில்லை. நாலாவது வருடம் அவர் செக் எழுதவில்லை. காபி மட்டும் வந்தது.

நாங்கள் நடத்துவது பெரிய அமைப்பு இல்லை. செவ்வாய்ப்பேட்டைக்கும் குகைக்கும் நடுவே ஒரு வாடகை வீட்டின் மாடியில் மாலைப் பாட வகுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், அறுபது பேர் வாக்கில். வீட்டிலேயே பட்டறை வைத்திருப்பவர்கள் வீட்டில் புத்தகத்தை விரிக்க இடமிருக்காது. ஐந்தரைக்கு வந்ததும் ஒரு கிண்ணம் சுண்டல், அப்புறம் எட்டு மணிவரை பாடம். வருடத்துக்கு 220 மாலை. சுண்டலுக்கு மட்டும் கடலை, தேங்காய், கேஸ், சமைக்கும் அக்காவின் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு மாலைக்கு 900 ரூபாய். இரண்டு ஆசிரியர்கள், வாடகை எல்லாம் கூட்டினால் வருடத்துக்கு நாலு லட்சம். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதிய அனுபவம் எனக்கு இருந்ததால், நோட்டை என் கையில் கொடுத்தார்கள். வசூலும் கூடவே வந்து சேர்ந்தது.

ஆரம்பத்தில் வசூல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது நிகழ்ச்சிதான். 2017-ல் ஒரு இன்னிசைக் கச்சேரி வைத்தோம். மண்டப வாடகை, மைக் செட், லைட், பாடகர் குழுவுக்கு முன்பணம், ஒலிபெருக்கிக்கு அனுமதி, வந்தவர்களுக்கு டீ, விஐபிகளுக்குப் பொன்னாடை. டிக்கெட்டும் விளம்பரமுமாக வந்தது 2,86,000. போனது 2,71,000. எட்டுப் பேர் இரண்டு மாதம் வேலைவெட்டியை விட்டுவிட்டு அலைந்ததற்கு மிச்சம் 15,000 ரூபாய். பேனரில் தன் கடைப் பெயர் சின்னதாகப் போய்விட்டது என்று ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கச்சேரி நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வந்த நானூறு பேரில் யாருடைய போன் நம்பரும் எங்களிடம் இல்லை. அவர்கள் பாட்டுக்கு வந்தவர்கள், பாட்டு முடிந்ததும் போய்விட்டார்கள்.

மாம்பழமும் விற்றுப் பார்த்தோம். சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழம் விற்காமல் இருந்தால் எப்படி? தோட்டக்காரர் ஒருவர் மல்கோவாவும் இமாம்பசந்துமாக இருநூறு கிலோ இலவசமாகவே கொடுத்தார். கல் வைக்காமல் வைக்கோலில் பழுக்க வைத்து, பெட்டி கட்டி, ஃபேர்லேண்ட்ஸ் அடுக்ககங்களில் வீடு வீடாகக் கொண்டு போனோம். கால்வாசி அழுகிவிட்டது. மீதியை நல்ல விலைக்கு வாங்கினார்கள், சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். அடுத்த மாதம் நன்கொடை கேட்டால், "போன மாசம்தானே உங்ககிட்ட பழம் வாங்கினோம்" என்றார்கள். நியாயம்தான். பழத்துக்குக் கொடுத்த காசு நன்கொடைக் கணக்கில் வராது, வரிச்சலுகை ரசீதும் போட முடியாது. அவர்களைப் பொறுத்தவரை அது வியாபாரம்.

மண்டியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று ராத்திரி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதி, பெயர், தொகை. மூன்றே பத்தி. எங்கள் வீட்டு மொய் நோட்டு இதைவிட மேல் என்று தோன்றியது. அம்மாவின் மொய் நோட்டில் தொகைக்குப் பக்கத்தில் "பெரிய மாமா மூலமா", "வளைகாப்புக்கு வந்தாங்க", "வேட்டி வேற வெச்சாங்க" என்று பொடி எழுத்தில் இருக்கும். இருபது வருடம் கழித்து அந்த வீட்டு விசேஷம் வரும்போது, அம்மா அந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பார். நம் ஊரில் கொடுக்கல் வாங்கல் உறவாக நிற்பது இப்படித்தான். 2024-ல் வயநாடு நிலச்சரிவுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடைக்காரர் மொய் விருந்து போட்டார். சாப்பாட்டுக்கு விலை இல்லை, மனசுக்குப் பட்டதை வைத்துவிட்டுப் போகலாம். மக்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறதென்றால், அரிசியும் பருப்பும் வந்துகொண்டே இருப்பதால்தானே. நாம்தான் இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாடகர் குழுவுக்கு முன்பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் நோட்டில் நாலாவது பத்தி ஒன்று போட்டேன். தலைப்பு: குறிப்பு.

அதற்கடுத்து வந்ததுதான் சுண்டல் திட்டம். திட்டம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். 900 ரூபாய் கொடுத்தால் ஒரு மாலை உங்களுடையது. பிறந்தநாள், கல்யாணநாள், அப்பாவின் திதி, எதற்காக வேண்டுமானாலும் இருக்கட்டும். அன்றைக்குக் கரும்பலகையின் மூலையில் அந்தப் பெயர் இருக்கும். பத்தாயிரம் கொடுக்கத் தயங்குகிற வீட்டில் 900 ரூபாயைத் தயங்காமல் கொடுத்தார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு என்று கேட்டால் முகம் சுளிப்பவர்கள்கூட, பிள்ளைகள் வாயில் போகிறது என்றால் பர்ஸைத் திறந்தார்கள். (சம்பளம் கொடுக்காமல் பாடம் எப்படி நடக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.)

திதிதான் என்னைப் படுத்தி எடுத்தது. "ஐப்பசி வளர்பிறை சப்தமி" என்று ஒருவர் எழுதிக் கொடுப்பார். அது இங்கிலீஷ் தேதியில் வருடா வருடம் மாறும். இப்போது புதுப் பஞ்சாங்கம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, எழுபது எண்பது திதிகளையும் தேதியாக்கிச் சுவர்க் காலண்டரில் குறிக்கிறேன். கிறிஸ்தவ நண்பர்கள் நவம்பர் 2, கல்லறைத் திருநாளைச் சொல்வார்கள். அது ஒன்றுதான் சிரமமில்லாத தேதி. ஒரு பாய் வீட்டில் பிறை பார்த்த பிறகு சொல்கிறேன் என்பார், சரியாகச் சொல்லிவிடுவார்.

ஆடி அமாவாசைக்குப் பதினாலு பேர் கேட்டார்கள். ஒரே மாலை, ஒரே சுண்டல், பதினாலு 900 ரூபாய். எங்களோடு இருந்த ஒரு தம்பி, "ஒரே போட்டோவ பதினாலு பேருக்கும் அனுப்பிட்டா போச்சுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றான். ஒரு நிமிடம் எனக்கும் சபலம் தட்டியது. 12,600 ரூபாய் சும்மா இல்லை. ஆனால் சேலம் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. பதினாலு பேரில் இரண்டு பேர் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில் முன்னும் பின்னும் நின்றால் போதும். அதற்காக மட்டும் இல்லை. அந்தப் பணத்துக்குப் பின்னால் ஒரு செத்துப்போன அப்பா இருக்கிறார். பதினாலு பேருக்கும் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். பதினொரு பேர் வேறு நாளுக்கு ஒத்துக்கொண்டார்கள். இருவர், எல்லாப் பெயரோடும் சேர்த்து எழுதினால் போதும் என்றார்கள். அம்மாப்பேட்டைப் பெரியவர் ஒருவர் மட்டும், "திதின்னா திதிதாம்மா, அத மாத்த நீயும் நானும் யாரு" என்று நின்றார். அவருக்காக அன்று சுண்டலோடு பாயசமும் வைத்தோம். பிள்ளைகள் இப்போதும் ஆடி அமாவாசை எப்போது என்று என்னைக் கேட்பார்கள்.

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆரம்பத்தில் நாங்களும் எல்லாரையும்போல, கிண்ணத்தோடு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பின்னால் நன்கொடையாளரை நிற்கவைத்துப் படம் எடுத்தோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி திடீரென்று வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒன்பது நாள் ஆனதும் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் அம்மா கொலுசுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்: "யாரோ ஸ்டேட்டஸ் வெச்சிருக்காங்க டீச்சர். ஏழைக் குழந்தைகளுக்கு உணவுன்னு எழுதி இவ மூஞ்சி பெருசா தெரியற மாதிரி. பள்ளிக்கூடத்துல ஒருத்தன் அதக் காட்டிக் கேலி பண்ணியிருக்கான். நாங்க ஏழையா டீச்சர்? வேல செஞ்சுதான் சாப்பிடுறோம்."

எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அந்தப் படத்தை எடுத்தது நான்தான்.

அன்றிலிருந்து பிள்ளைகள் முகம் தெரியப் படம் இல்லை. கரும்பலகையில் எழுதிய பெயர், சுண்டல் பாத்திரம், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள், இவ்வளவுதான். இரண்டு பேர் இதனாலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர், "குடுக்கறது நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னும் நாலு பேர் குடுப்பாங்கல்ல" என்று வாதாடினார். அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு; நான் அசையவில்லை. அந்தப் பெண் மறுபடி வர இரண்டு வாரம் ஆனது. வந்தாள்.

படத்துக்குப் பதிலாகக் கடிதம். மாதம் ஒருமுறை சனிக்கிழமை, பிள்ளைகள் இன்லேண்டு லெட்டரில் எழுதுவார்கள். என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதில்லை, எழுதியதைத் திருத்துவதும் இல்லை. "தாங்கள் செய்த பேருதவிக்கு" என்று ஆரம்பிக்கும் கடிதத்தை யாரும் இரண்டாவது தரம் படிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் முதியவர் ஒருவருக்கு ஐந்தாம் வகுப்புப் பையன் எழுதினான்: "சுண்டல் சாப்பிட்டேன். உப்பு அதிகம். பட்டாணி வேண்டாம், வேர்க்கடலை போடச் சொல்லுங்கள். நீங்கள் எந்த கிளாஸ்?" அனுப்பலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. அனுப்பினோம். நாலு நாளில் போன். "எத்தனையோ இடத்துக்குக் குடுத்திருக்கேன். முதமுதலா ஒரு புகார் வந்திருக்கு" என்று சிரித்தார். அந்த வருடம் பத்து மாலை வேர்க்கடலைக்கு அவர்தான் பணம் கொடுத்தார்.

அவரைப் பார்க்க ஒருமுறை மேலே போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில். பாதியிலேயே எனக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. ரசீது புத்தகத்தை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன், கை பழக்கத்தில் எடுத்துவிடக்கூடாதே என்று. காபிச் செடிகளுக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கொடியைப் பற்றி அரை மணி நேரம், மழையைப் பற்றி அரை மணி நேரம். அந்தப் பையனின் கடிதம் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. திதிக்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளட்டுமா என்று, அவருடைய மறைந்த மனைவியை மனதில் வைத்துக் கேட்டேன். "என் பொறந்த நாளைக்கே போடுங்க. செத்தப்புறம் போட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். குறிப்புப் பத்தியில் எழுதிக்கொண்டேன்.

அந்தப் பத்தியால் ஒருமுறை அவமானமும் பட்டேன். யார் வீட்டில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை எழுதி வைத்திருந்தேன். தவறாகப் பேசிவிடக்கூடாது என்ற ஜாக்கிரதைதான். புதிதாக வந்த பையன் ஒருவன் அதை நாலு பேர் முன்னால் சத்தமாக வாசித்துவிட்டான். இப்போது அவர்களே எங்களிடம் சொல்லி, அவர்கள் முன்னாலேயே வாசிக்கக்கூடியது எதுவோ அது மட்டும். "மத்தியானம் தூங்குவார்." "சர்க்கரை, இனிப்பு கொண்டுபோகாதே." அவ்வளவுதான்.

சேலத்துக்கே உரிய யோசனை ஒன்றைச் சொன்னது எங்கள் பிள்ளை ஒருவனின் அப்பா. வெள்ளிப் பட்டறையில் அரம் போடும்போதும் வெட்டும்போதும் விழும் தூள் தரையோடு கலந்துவிடும். அந்தத் தூசியைக் கூட்டி எடுத்து வைத்து உருக்கினால் வெள்ளி கிடைக்கும். எந்தப் பட்டறையிலும் குப்பையைக் குப்பையாகக் கொட்ட மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் மூலைமுடுக்கெல்லாம் சுத்தம் செய்வார்கள். அந்த ஒருநாள் தூசியை எங்களுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். 2024-ல் பதினொரு பட்டறைகள் கொடுத்தன. உருக்கிச் சுத்தம் செய்ததில் 310 கிராம் நின்றது. செலவு போகக் கையில் 27,000 சொச்சம். கொடுத்தவர்களுக்குக் கைக்காசு போன மாதிரியே தெரியவில்லை. ஒரு பட்டறையில் மட்டும் தொழிலாளி ஒருவர் குறுக்கே பேசினார்: "ரசீதுல ஓனர் பேரு மட்டும் போடுறீங்க. அந்தத் தூளு எங்க கையிலிருந்து விழுந்ததுதானே?" சரியான கேள்வி. கரும்பலகையில் அந்தப் பட்டறையின் எல்லாப் பெயரும் எழுதினோம், ஒன்பது பேர். அவர்கள் பிள்ளைகளில் மூன்று பேர் அந்தப் பலகைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தூசிக்கு 80ஜி ரசீது, அதாவது வரிச்சலுகை ரசீது, கேட்ட ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பொருளாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, பணமாகக் கொடுக்க வேண்டும். அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் செல்லாது. வருமான வரிக் கணக்கில் கொடுத்ததில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம், அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். வருடா வருடம் குறித்த தேதிக்குள் வரித்துறைப் படிவத்தில் ஒவ்வொருவர் பான் எண்ணையும் ஏற்றி, நன்கொடைச் சான்றிதழை எடுத்து அவரவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு வருடம் ஒருவர் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். அவருடைய ஆடிட்டர் போனில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, திருத்திக் கொடுத்தேன். நான் தவறில்லாமல் பதிந்த மற்ற நூறு பேரைவிட அவர்தான் இன்று எங்களுக்கு நெருக்கம். ஏன் என்று கேட்காதீர்கள்.

தட்டுவடை செட்டுக் கடைகள் ஆறில் சின்ன உண்டியல் வைத்திருக்கிறோம். வருடத்துக்கு 23,000 ரூபாய் வரும், பெரும்பாலும் சில்லறை. பெயர் தெரியாத நன்கொடைக்கு 1961 வருமான வரிச் சட்டத்தில் ஓர் எல்லை இருந்தது: மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. ஒரு லட்சத்தை எட்டும் கவலை எங்களுக்கு இருந்ததில்லை. ஓர் உண்டியல் காணாமலே போய்விட்டது. எடுத்தவருக்கும் பசித்திருக்கும் என்று சமையல் அக்கா சொன்னார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2014-லிருந்து பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்பது சட்டம். அதைப் பெற நாம் சிஎஸ்ஆர்-1 பதிவு செய்ய வேண்டும். செய்தோம். ஒருமுறை கிடைத்தது. அந்த 80,000 ரூபாய்க்கு நாங்கள் எழுதிக்கொடுத்த அறிக்கைகளின் கனத்தைப் பார்த்துவிட்டு, இனி அவர்களாக வந்தால் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

மறுத்த பணத்தில் மனசு வலித்தது ஒன்றுதான். சூரமங்கலத்தில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர். மூத்த மகன் அமெரிக்காவில், இளையவன் சிங்கப்பூரில். மூத்தவன் இரண்டு லட்சம் அனுப்புகிறேன் என்றான். அவன் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவன். அப்படியானால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் தொடக்கூடாது. பதிவு வாங்க மூன்று வருடத்தில் 15 லட்சமாவது செலவு செய்திருக்க வேண்டும். எங்கள் மூன்று வருடக் கணக்கு 12 லட்சம். "செவ்வாய்ப்பேட்டைத் தெருவுல ஓடி வெளையாண்ட பையங்க. அவன் பணம் எப்படிம்மா வெளிநாட்டுப் பணம்?" என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் சட்டம்தான் இருந்தது, பதில் இல்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் சிங்கப்பூர்க்காரன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் தடையில்லை. கொடுத்தான், முப்பது மாலைக்கு. பெரியவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அமெரிக்கா மகன் ஊருக்கு வந்தபோது வகுப்புக்கு வந்து ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு வாரம் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். அதற்கு எந்தப் படிவமும் வேண்டியிருக்கவில்லை.

மண்டிக்காரர் மறுபடி பணம் கொடுக்கவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கட்டுரைகளில் அப்படிப்பட்டவர் கடைசியில் பெரிய செக்கோடு திரும்பி வருவார். இவர் வரவில்லை. நான்தான் இரண்டு வருடம், எதையும் கேட்காமல், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள், "கடலை எங்க வாங்குறீங்க, என்ன வெல?" என்றார். சொன்னேன். "ஏமாத்துறான்" என்றார். அன்றிலிருந்து கொண்டைக்கடலை அவர் மண்டியிலிருந்துதான், அவர் வாங்கிய விலைக்கே. இலவசம் இல்லை, பில் உண்டு.

போன மாதம் முன்னறிவிப்பு இல்லாமல் மாடிப்படி ஏறி வந்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் வாங்கினார். நாலு கடலையை மென்றார். நிறுத்தினார். சமையல் அக்காவைக் கூப்பிடச் சொன்னார்.

"எத்தன மணிக்கும்மா ஊறப் போடுற?"

"காலைல பத்து பதினொன்னுக்குங்க."

"என் கடலைய இப்படியா கெடுப்ப? ராத்திரியே போடு."

அக்கா அவர் போன பிறகு அரை மணி நேரம் பாத்திரங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்து அவர் பெயருக்கு எதிரே குறிப்புப் பத்தியில் எழுதினேன்: ராத்திரியே ஊறப் போட வேண்டும். அடுத்த முறை எப்போது வருவார் என்று தெரியாது.